மறு: கிரிப்பருக்கு ‘இயந்திரக் கை’ பொருந்தாது, ‘பற்றுமுனை’ என்போம்

வணக்கம் அண்ணே,

> கிரிப்பருக்கு ‘இயந்திரக் கை’ என்றே போட்டுவிடலாம், எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். கை வேறு, அதன் நுனியில் பொருளைப் பிடிக்கிற பாகம் வேறு. கிடங்குக்கு விலை குறைந்த ரோபோ செய்ய நினைப்பவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் சில ரோபோக்களில் கையே கிடையாது. 2017இல் ஜப்பானின் நகோயாவில் நடந்த அமேசான் ரோபோட்டிக்ஸ் சேலஞ்ச் என்ற கிடங்கு ரோபோ போட்டியில் முதலிடம் பெற்ற கார்ட்மேன் என்ற ரோபோவையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆஸ்திரேலியக் குழு ஒன்று செய்தது. பேரங்காடியில் பிள்ளைகள் பொம்மை பிடிக்கிற பெட்டி மாதிரி மேலே ஒரு சட்டம், அதில் பொருளைப் பிடிக்கிற பாகம் முன்பின், இடவலம், மேல்கீழ் என்று நேர்கோட்டில் நகரும், தோளும் இல்லை முழங்கையும் இல்லை. பாகங்களுக்கான செலவு 30,000 ஆஸ்திரேலிய டாலருக்குள் அடங்கியதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம். இதைத் தமிழில் விளக்கும்போது எந்தப் பாகத்தை ‘இயந்திரக் கை’ என்பது?

நான் சொல்வது பற்றுமுனை. அதற்குள் உறிஞ்சுமுனை, கவ்வுமுனை என்று இரண்டு வகை. பிஸ்கட் டின் என்றால் உறிஞ்சுமுனை போதும், ரப்பர் கிண்ணம் தட்டையான மூடியில் அழுந்தி உட்கார்ந்ததும் காற்றை இழுத்துத் தூக்கிவிடும். வெங்காயம் போட்ட வலைப்பை என்றால் கண்ணிகள் வழியே காற்று புகுந்துவிடும், பிடிமானமே கிடைக்காது, இரண்டு விரல் உள்ள கவ்வுமுனைதான் வேண்டும். கார்ட்மேனில் இரண்டும் இருக்கின்றன, பொருளுக்கு எது ஒத்துவருமோ அதைத் திருப்பிக்கொள்ளும்.

நம் பினாங்கில் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளில் ‘பிக் அண்ட் பிளேஸ்’ மெஷின் பல ஆண்டுகளாக ஓடுகிறது, நாடாவிலிருந்து சிப்பை உறிஞ்சி எடுத்து மின்சுற்றுப் பலகையில் வைக்கிற அதன் சின்ன நோசலும் உறிஞ்சுமுனைதானே. அந்த வேலைக்கு நம் குழுவில் ஒரு தம்பி தந்த ‘எடுத்துவைப்பு’ என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, இரண்டு இடத்துக்கும் பொருந்துகிறது. என்ன, சிப் எங்கே இருக்கும் என்பது அந்த மெஷினுக்கு முன்பே தெரியும், கிடங்குக் கூடையில் எல்லாம் கலந்து குவிந்து கிடக்கும், எடுப்பதற்கு முன் கேமரா வழியாகத் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அப்புறம், அந்த ரப்பர் கிண்ணத்தை ‘உறிஞ்சுக்கிண்ணம்’ என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். வினைத்தொகையில் வலி மிகாது, உறிஞ்சுகிண்ணம் என்றே நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம்.