எஸ்பிரெசோ 9 நொடியில் ஓடிவிடுகிறது: காபி கிரைண்டர் வாங்குவதா, மெஷினை மாற்றுவதா?

காட்பாடி_கறுப்புக்காபி:
வணக்கம். வீட்டில் இருப்பது 15 பார் (பம்பின் உச்ச அழுத்தம்), 1350 வாட், தெர்மோபிளாக் (குழாயில் ஓடும்போதே தண்ணீரைச் சூடாக்கும்) எஸ்பிரெசோ மெஷின். போர்ட்டாஃபில்டர் (தூள் கூடையைத் தாங்கும் கைப்பிடி) 51 மிமீ. கூடவே வந்த இரட்டைச் சுவர் கூடையை (ஒரே சிறு துளை வழியாக விட்டு அழுத்தத்தைக் கூட்டுவது) எடுத்துவிட்டு ஒற்றைச் சுவர் கூடை போட்டிருக்கிறேன். பஜாரில் அரைத்துத் தரும் ஃபில்டர் தூள் (80:20 சிக்கரி) 15 கிராம் போட்டால் 9 நொடியில் தண்ணியாக ஓடிவிடுகிறது. கொட்டை வாங்கி மிக்ஸியில் அரைத்தால் ஒரு தரம் அதே ஓட்டம், அடுத்த தரம் மெஷின் முக்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாக விடுகிறது. பட்ஜெட் 30 ஆயிரம். 58 மிமீ மெஷினுக்குப் போகலாமா, கிரைண்டரா? அப்பா அம்மாவுக்குப் பால் காபி, எனக்கு மட்டும் கறுப்பு. தண்ணீர் போர்வெல், ஆர்.ஓ. போட்டது.

கொசப்பேட்டை_டிகாஷன்:
மெஷினைத் தொடாதீங்க. மொத்தக் காசும் கிரைண்டருக்குத்தான். மிக்ஸி பிளேடு அரைக்காது, அடித்து உடைக்கும். ஒரே ஜாரில் மாவும் இருக்கும், ரவையும் இருக்கும். மாவு அடியில் இறங்கி ஓட்டைகளை அடைக்கும், ரவை இருக்கிற பக்கம் தண்ணி வழி கண்டுபிடித்து ஓடிவிடும். எது எந்த அளவு சேரும் என்பது ஒவ்வொரு தரமும் மாறும். அதனால்தான் ஒரு நாள் ஓட்டம், ஒரு நாள் அடைப்பு.

கடைத் தூள் கதை வேறு. அது ஃபில்டருக்கான பருவெட்டு, 9 பார் அழுத்தத்தைத் தாங்காது. சிக்கரி வேறு கலந்திருக்கு. காபிக்கொட்டையில் தண்ணீரில் கரைவது 30 விழுக்காட்டுக்குள்தான். வறுத்த சிக்கரியில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கரையும். பாகு மாதிரி கூடையிலும் மேலே உள்ள சல்லடைத் தகட்டிலும் ஒட்டும். ஒற்றைச் சுவர் கூடையில் சிக்கரித் தூள் போடவே வேண்டாம்.

அப்பா அம்மா பால் காபிக்குப் பித்தளை ஃபில்டரே போதும். அந்த டிகாஷனை மெஷினில் எடுக்க முயல்வது வீண் வேலை.

ராணிப்பேட்டை_பர்:
மேலே சொன்னது சரி. எந்தக் கிரைண்டர் என்பதில்தான் பலர் கோட்டை விடுவாங்க. "பர் கிரைண்டர்" (பர் என்பது கொட்டையை நடுவில் வைத்து அரைக்கும் பல் சக்கரம்) என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் போதாது. ஒரு கிளிக் திருப்பினால் பர் எவ்வளவு நகருகிறது என்று பாருங்க.

டைம்மோர் சி2வில் ஒரு கிளிக் சுமார் 80 மைக்ரான். ஃபில்டருக்கு அருமை. எஸ்பிரெசோவுக்கு ஒரு கிளிக்கில் 15 நொடியாக ஓடும், அடுத்த கிளிக்கில் அடைத்துக்கொள்ளும், நடுவில் நிறுத்த இடமே இல்லை. கிங்கிரைண்டர் கே6 கிளிக்குக்கு 16 மைக்ரான், 1இசட்பிரெசோ ஜே-அல்ட்ரா 8 மைக்ரான். இரண்டும் கைக் கிரைண்டர். மின்சாரத்தில் வேண்டுமானால் பராட்சா என்கோர் இ.எஸ்.பி.: 40 நிலை, அதில் முதல் 20 எஸ்பிரெசோவுக்கு. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால் 230 வோல்ட் மாடல்தானா என்று பார்த்து வாங்குங்க. அமெரிக்க 120 வோல்ட் மாடலை இங்கே செருகினால் மோட்டார் போச்சு.

ஒருத்தருக்கு ஒரு கறுப்பு காபி என்றால் என் ஓட்டு கைக் கிரைண்டருக்கு. அதே காசுக்கு மின்சாரத்தில் கிடைப்பதைவிட நல்ல பர் கிடைக்கும். 15 கிராம் அரைக்க ஒரு நிமிடம் ஆகும், லைட் ரோஸ்ட் (குறைவாக வறுத்த கொட்டை) என்றால் கை வலிக்கும்.

மிச்சக் காசில் 0.1 கிராம் காட்டும் தராசு. நகை எடை போடும் குட்டித் தராசே போதும், லாங் பஜார் பக்கம் தராசுக் கடையில் கேளுங்க. அப்புறம் 51 மிமீ கூடையில் சரியாக உட்காரும் இரும்பு டாம்பர் (தூளை அமுக்கும் கட்டை). மெஷினோடு வரும் பிளாஸ்டிக் டாம்பர் பெரும்பாலும் விட்டம் குறைவு, ஓரத்தில் தூள் அமுங்காமல் நிற்கும், தண்ணி அங்கேதான் பிய்த்துக்கொண்டு போகும்.

சத்துவாச்சாரி_சுவிட்ச்:
கரண்ட் விஷயத்தை யாரும் சொல்லலை. 1350 வாட்டை 230ஆல் வகுத்தால் 5.9 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட்டில் மிக்ஸியோடு சேர்த்து எக்ஸ்டென்ஷன் போட்டால் பிளக் பின் சூடாகும், உருகும். 16 ஆம்பியர் பாயின்ட்டில் தனியாகப் போடுங்க. கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டர் (900 விஏ வகை) இதை இழுக்காது. வோல்டேஜ் 190க்கு இறங்கினால் ஹீட்டரின் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறையும், சூடு ஏறத் தாமதமாகும், காபி புளிக்கும்.

காட்பாடி_கறுப்புக்காபி:
ரொம்ப நன்றி அண்ணா எல்லாருக்கும். கே6 எடுத்துவிட்டேன். எந்தக் கிளிக்கில் தொடங்குவது? தண்ணீருக்கும் சொல்லுங்க, ஆர்.ஓ. டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 25 காட்டுது.

ராணிப்பேட்டை_பர்:
கைப்பிடி தானாகச் சுழலாமல் பர் உரசிப் பிடிக்கும் இடம் பூஜ்யம். கொட்டை போடாமல் இதைப் பாருங்க, இறுக்கித் திருகாதீங்க. அங்கிருந்து 30 கிளிக் (அரைச் சுற்று) தள்ளித் தொடங்கலாம்.

15 கிராம் கொட்டை, ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் குலுக்கிவிட்டு அரைங்க. தூள் ஒட்டாது. கூடையில் கொட்டியதும் மெல்லிய ஊசியால் கட்டிகளை அடிவரை கிளறுங்க. மட்டமாக அமுக்குங்க. பலம் முக்கியமில்லை, சாயாமல் இருக்கணும். தூள் இல்லாமல் ஒரு கப் வெந்நீர் ஓடவிட்டு போர்ட்டாஃபில்டரைச் சூடாக்கியபின் மாட்டுங்க. கோப்பையில் 30 கிராம் சேர 25 முதல் 30 நொடி. வேகமாக வந்தால் இரண்டு கிளிக் பொடிசாக்குங்க, அடைத்தால் இரண்டு கிளிக் பெருசு. எடையை மாத்தாதீங்க. கிளிக்கையும் எடையையும் ஒரே நேரத்தில் மாத்தினால் எதனால் மாறியது என்றே தெரியாது.

பர்ரைத் தண்ணீரில் கழுவக் கூடாது, பிரஷ் போதும். சுத்தம் பண்ண அரிசி போட்டு அரைக்கும் வழக்கமும் வேண்டாம்.

பாலாறு_டிடிஎஸ்:
தண்ணீர் நான் சொல்றேன். போர்வெல் தண்ணீரை நேராக ஊற்றினால் தெர்மோபிளாக்கின் குறுகலான குழாயில் உப்பு படிந்து ஓட்டம் குறையும். 25 டி.டி.எஸ். ஆர்.ஓ. எதிர்க்கோடி: உப்பு படியாது, ஆனால் அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மை இல்லாததால் காபி கூர்மையாகப் புளிக்கும், உலோகத்தையும் மெல்ல அரிக்கும்.

500 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில் 5 கிராம் சமையல் சோடா கரைத்து பாட்டிலில் வைங்க. டாங்கில் ஊற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அதில் 8 மில்லி, மருந்துக்கடை சிரிஞ்சில் அளந்து. லிட்டருக்கு 80 மில்லிகிராம் சோடா, காரத்தன்மை 50 பக்கம் வரும். கால்சியம் கிட்டத்தட்ட இல்லாததால் உப்பும் படியாது. சோடாவை ஸ்பூனில் கண்ணளவாகப் போடாதீங்க, காபி சப்பென்று ஆகிவிடும்.

இதுவரை படிந்ததை எடுக்க லிட்டருக்கு 20 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்). பாதியை ஓடவிட்டு 15 நிமிடம் நிறுத்தி, மீதியை ஓடவிட்டு, இரண்டு டாங்க் நல்ல தண்ணீரில் அலசணும். வினிகர் வாசனை போகவே போகாது.

காட்பாடி_கறுப்புக்காபி:
26 கிளிக்கில் 27 நொடி, 30 கிராம். கிரீமா (மேல் நுரை) நிக்குது. ஆனா இன்னும் லேசாப் புளிப்பு. கொட்டை சிக்கமகளூர் அராபிகா, மீடியம் ரோஸ்ட், வறுத்து 3 நாள்.

கொசப்பேட்டை_டிகாஷன்:
3 நாள் கொட்டையில் கரியமில வாயு நிறைய, தண்ணீர் சரியா ஊறாது. ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு குடிச்சுப் பாருங்க. அதுவரை அதே கிளிக்கில் 30க்குப் பதில் 36 கிராம் வரை இழுங்க, புளிப்பு தணியும். கொட்டை டப்பாவை அடுப்பு மேடையில் வைக்காதீங்க, நம்ம ஊர் மே மாச வெயிலுக்குச் சீக்கிரம் செத்துப்போகும். 15 கிராம் பொட்டலமாகக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் போட்டு, எடுத்ததும் அப்படியே அரைக்கலாம். திறந்த பாக்கெட்டைத் திரும்ப ஃப்ரீசருக்குள் வைக்காதீங்க, ஈரம் ஏறிடும்.

காட்பாடி_கறுப்புக்காபி:
36 கிராமில் புளிப்பு குறைஞ்சுது. இன்னொரு 200 கிராம் பாக்கெட்டை இன்னிக்கே பிரிச்சுப் பொட்டலம் போட்டுடறேன்.