ஜேன் கென்யனின் பீச் பழம்: ஒரு சந்தேகம்

மல்லிகைப்பந்தல்:
அமெரிக்கக் கவிஞர் ஜேன் கென்யனின் ‘அதர்வைஸ்’ கவிதையைப் படித்திருக்கிறீர்களா? காலையில் தெம்பான இரண்டு கால்களோடு எழுந்தேன், பாலும் பழுத்த பீச் பழமும் சாப்பிட்டேன், நாயை மேட்டுக்குக் கூட்டிப்போனேன், மத்தியானம் துணைவரோடு படுத்துக்கொண்டேன், ராத்திரி சேர்ந்து சாப்பிட்டோம், அவ்வளவுதான் கவிதை. நடுநடுவே ‘வேறு மாதிரி ஆகியிருக்கலாம்’ என்று மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. 1995-இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு 47 வயது. என் சந்தேகம் இதுதான்: அப்படிப்பட்ட நோயில் கிடக்கிறவருக்குப் பழத்தின் மேலும் படுக்கையின் மேலும் இவ்வளவு ஆசை எங்கிருந்து வரும்? என் அம்மா கடைசி வாரங்களில் காபி வாசனைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கவிதை பொய் சொல்கிறதோ என்று தோன்றுகிறது.

கீழவாசல்:
ஒரு திருத்தம். அவர் நோயில் கிடந்து எழுதிய கவிதை இல்லை இது. ‘கான்ஸ்டன்ஸ்’ தொகுப்பில் 1993-லேயே வந்துவிட்டது, அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது 1994 ஜனவரியில்தான். இறந்தபின் 1996-இல் வந்த தொகுப்புக்கும் இதே தலைப்பை வைத்ததால் எல்லோரும் இதை மரணப்படுக்கைக் கவிதை என்றே நினைத்துக்கொள்கிறார்கள் (நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்). அப்போது நோயாளி அவருடைய கணவர் டொனால்ட் ஹால், அவரும் கவிஞர், ஜேனைவிட 19 வயது மூத்தவர். 1989-இல் பெருங்குடல் புற்றுநோய், 1992-இல் அது கல்லீரலுக்குப் பரவியது. நியூ ஹாம்ப்ஷயர் பண்ணை வீட்டில் இரண்டு பேருமே முதலில் போகப்போவது ஹால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஜேன் நோய் தெரிந்த 15 மாதத்தில் போய்விட்டார், ஹால் 2018 வரை இருந்தார். ஆக, அந்தப் பீச் பழத்தைச் சாப்பிடுவது நோயாளி இல்லை, நோயாளியின் மனைவி, அவருக்குப் பசி இருந்தது. உங்கள் அம்மாவுக்கு வைத்த காபியைச் சமையலறையில் நின்று நீங்கள் குடித்திருப்பீர்களே, அந்த இடத்திலிருந்து எழுதியது.

பழைய நோட்டு:
கீழவாசல் சொல்வது சரி, ஆனால் ஜேனை நோயாளி இல்லை என்று சொல்லிவிட முடியாது. வாழ்நாள் பெரும்பாலும் மனச்சோர்வோடு போராடியவர். அதே தொகுப்பில் ‘ஹேவிங் இட் அவுட் வித் மெலன்கலி’ என்று ஒன்பது பகுதிகள் கொண்ட நீண்ட கவிதை இருக்கிறது. அதில் ஒரு பகுதி முழுக்க மாத்திரைப் பெயர்கள், எலாவில், புரோசாக், லித்தியம் என்று மருந்துச்சீட்டு மாதிரியே போகும், அப்புறம் எந்த மாத்திரை இனிப்பாக மணக்கும், எது பள்ளிக்கூட வேதியியல் கூடத்தை ஞாபகப்படுத்தும் என்று சொல்வார். கடவுளை உண்மையாக நம்பினால் இவ்வளவு சோர்வு வராது என்று புத்தி சொல்லும் ஒரு தோழியும் உண்டு, நம் ஊரில் அவரைத் தேடி அலையவே வேண்டாம். இத்தனைக்கும் பிறகு கடைசிப் பகுதியில் ஒரு பறவை பாடுகிறது, அவ்வளவு சின்ன விஷயத்தில் மனசு நிறைந்துபோகிறது. இதைப் படித்துவிட்டு ‘அதர்வைஸ்’ படித்தால் ‘தெம்பான இரண்டு கால்கள்’ வேறு கனத்தில் கேட்கும். எழுந்திருக்க முடியாத காலைகள் அவருக்கு நிறைய இருந்தன.

சுவர்க்கோழி:
ஆசை என்றால் பீச் பழம் மட்டும்தானா? கவிஞர் தாம் கன்னை யாரும் சொல்லவில்லையே. பிறந்தது இங்கிலாந்து, வாழ்ந்ததும் எழுதியதும் சான் பிரான்சிஸ்கோ, அதனால் அமெரிக்கக் கணக்கிலேயே வைத்துக்கொள்கிறேன். 1992-இல் வந்த ‘தி மேன் வித் நைட் ஸ்வெட்ஸ்’ தொகுப்பில் எய்ட்ஸில் போன நண்பர்களுக்கான கவிதைகள் இருக்கின்றன. தலைப்புக் கவிதையில் ஒருவன் ராத்திரி வேர்வையில் நனைந்து குளிரோடு எழுகிறான், படுக்கை விரிப்பை மாற்ற வேண்டும். எந்த உடம்பை நம்பித் துணிச்சலாக இன்பம் தேடினானோ அந்த உடம்பே இப்போது கைவிடுகிறது, தன்னைத் தானே கட்டிப்பிடித்தபடி நிற்கிறான். கன்னுக்கு அந்தத் தொற்று இல்லை, எனவே இதுவும் பக்கத்தில் நின்றவர் எழுதியதுதான். இவ்வளவு பயத்தையும் எதுகையும் அளவும் பிசகாமல் எழுதியிருக்கிறார், எனக்கு ஜேனைவிட இவர்தான் பிடிக்கும்.

மல்லிகைப்பந்தல்:
வருடத்தைப் பார்க்காமல் பேசிவிட்டேன், பொய் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். காபி விஷயமும் உண்மைதான் கீழவாசல், நான்தான் குடித்தேன். இதைத் தமிழில் கொண்டுவரப் பார்க்கிறேன், ‘அதர்வைஸ்’ என்கிற அந்த ஒரு வார்த்தைதான் அடம்பிடிக்கிறது. ஆங்கிலத்தில் அது வரியின் ஓரத்தில் தனியாகத் தொங்கும், கடைசி வரி ஒருநாள் நிச்சயம் அப்படி ஆகும் என்று மாறும்போதும் அந்த வார்த்தை மாறுவதில்லை. தமிழில் வினைதான் கடைசியில் வந்து உட்காருகிறது. ‘ஆகியிருக்கலாம்’, ‘ஆகியிருக்கலாம்’ என்று வந்து முடிவில் ‘ஆகும்’ என்று நிறுத்தினால் எப்படி இருக்கும்? ஹால் ஜேனைப் பற்றி எழுதிய ‘வித்தவுட்’ கவிதைத் தொகுப்பு யாரிடமாவது இருந்தால் இரவல் தருவீர்களா, ஒரு மாதத்தில் திருப்பிவிடுகிறேன்.