எலிவாலாகவே நின்றுபோன என் முதல் முள்ளங்கிப் பாத்தி

விதை போட்டு முள்ளங்கி வளர்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் கதை தோல்வியில் தொடங்குகிறது. அதே தவறைப் புதிதாகத் தோட்டம் போடுகிற பலரும் செய்வதை இன்றும் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

"முள்ளங்கியா? போட்டால் வந்துவிடும்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முளைக்கிற வரைக்கும் அது சத்தியமான வார்த்தை. விதைத்த நான்காம் நாள் காலையில் பாத்தி முழுக்கப் பச்சை. குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் இதய வடிவில் இரண்டு விதையிலைகள். சிலவற்றின் நுனியில் விதைத்தோல் இன்னும் தொப்பிபோல ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று நான்கு முறையாவது போய்ப் பார்த்திருப்பேன்.

விதையைக் கையில் அள்ளித் தூவியிருந்தேன். ஒரு விரற்கடை இடத்தில் நான்கைந்து செடிகள் முட்டிக்கொண்டு நின்றன. நெருக்கமானவற்றை எடுத்துக் கலைத்துவிடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. நன்றாக முளைத்து நிற்கிற ஒன்றை எதற்காகப் பிடுங்க வேண்டும்? எல்லாம் பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். தண்ணீர் மட்டும் தவறாமல் ஊற்றினேன்.

முப்பது நாளில் அறுவடை செய்யக்கூடிய உருண்டைச் சிவப்பு ரகம் அது. முப்பதாம் நாள் இலைகள் அடர்ந்து பாத்தியே தெரியவில்லை. ஆசையோடு ஒன்றைப் பிடித்து இழுத்தேன். இலைக்கட்டுக்குக் கீழே சிவப்பாக ஒரு மெல்லிய தண்டு, அதற்குக் கீழே எலிவால் போல ஒரு வேர். அவ்வளவுதான். அடுத்ததும் அப்படியே. பத்துப் பதினைந்து பிடுங்கிவிட்டேன், எல்லாம் எலிவால்.

பாத்தியின் ஓரத்தில், தூவும்போது தவறி விழுந்த ஒரே ஒரு விதை தனியாக முளைத்திருந்தது. அதன் தோள்பட்டை மண்ணுக்கு மேலே சிவந்து தெரிந்தது. இழுத்தேன். எலுமிச்சை அளவில் உருண்டையாக வந்தது. அதே விதை, அதே மண், அதே தண்ணீர். அதற்குக் கிடைத்தது இடம் மட்டும்தான்.

பிறகுதான் காரணம் புரிந்தது. உருண்டை ரகத்தில் நாம் கிழங்கு என்று சொல்வதில் பெரும்பகுதி வேரே கிடையாது. விதையிலைக்கும் வேருக்கும் இடையிலான குட்டித் தண்டு பருப்பதுதான். நெருக்கத்தில் அந்தத் தண்டு வெளிச்சத்தைத் தேடி நீண்டுவிடுகிறது, பருப்பதில்லை. நான் பிடுங்கியவற்றில் சிவப்பாகத் தெரிந்த அந்த மெல்லிய தண்டுதான் உருண்டையாகியிருக்க வேண்டியது.

இப்போது தூவுவதே இல்லை. ஒரு செ.மீ. ஆழத்துக்குக் கோடு கிழித்து, மூன்று செ.மீ.க்கு ஒரு விதையாக வைத்து மூடிவிடுகிறேன். விதையிலைகளுக்கு நடுவே சொரசொரப்பான முதல் இலை எட்டிப் பார்த்ததும், ஐந்தாறு செ.மீ.க்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிடுவேன். பிடுங்குவதில்லை, பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். கத்தரிக்கோலால் மண் மட்டத்தில் நறுக்கிவிடுவேன். நறுக்கிய தளிர்கள் வீணாவதில்லை, இலையும் தண்டும் அப்படியே உண்ணலாம். இது தெரிந்த பிறகு மனம் கொஞ்சம் சமாதானமாயிற்று.

* * *

அக்கா, அந்த ஓரத்துச் செடியைப் பற்றிப் படித்ததும் என் அனுபவத்தையும் எழுதத் தோன்றியது. நான் போடுவது நீளமான வெள்ளை முள்ளங்கி. ஐம்பது, அறுபது நாள் பயிர். நீங்கள் கலைக்க மறுத்தீர்கள். நான் கலைத்ததைத் தூக்கியெறிய மனமில்லாமல் வேறொரு பாத்தியில் நட்டேன். ஒன்றுகூட வாடவில்லை. தெம்பாகத் தழைத்து வந்தன. பெருமையாக இருந்தது.

அறுவடையன்று பார்த்தால் ஒன்றுக்கு இரண்டு கால், இன்னொன்றுக்கு மூன்று கால், ஒன்று தன்னைத்தானே சுற்றிக்கொண்டு முறுக்கு விழுந்து கிடந்தது. ஆணிவேரின் நுனி பிடுங்கும்போதே அறுந்துபோனால், பக்க வேர்கள் ஆளுக்கொரு பக்கம் பருக்கத் தொடங்கிவிடும். தக்காளி, கத்தரிக்கு நாற்று நட்டுப் பழகிய கை எனக்கு. முள்ளங்கிக்கு அது ஒத்துவராது. எங்கே வளர வேண்டுமோ அங்கேயே விதைக்க வேண்டும்.

அடுத்த முறை நேரடியாக விதைத்தும் சில கவட்டையாகவே வந்தன. அப்போதுதான் மண்ணைக் கவனித்தேன். மேலே ஒரு சாண் பொலபொலவென்று இருந்தது. அதற்குக் கீழே கல்லும் இறுகிய கட்டியும். கூர்மையாக இறங்கி வந்த வேர் அங்கே முட்டித் திரும்பியிருக்கிறது. போதாக்குறைக்கு, சரியாக மட்காத சாணத்தையும் அள்ளிப் போட்டிருந்தேன். பச்சைச் சாணம் வேரைக் கிளைக்க வைக்கும், தழைச்சத்து கூடிப்போனால் இலைதான் கொழுக்கும். இப்போது 30 செ.மீ. ஆழத்துக்குக் கொத்தி, கட்டிகளை உடைத்து, கையில் பிடித்தால் மண்வாசனை மட்டும் வருகிற அளவுக்கு மட்கிய எருவைத்தான் கலக்கிறேன். நீள ரகத்துக்குச் செடிக்குச் செடி பத்து செ.மீ.யாவது விடுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியூர் போனதால் நான்கு நாள் பாத்தி காய்ந்துவிட்டது. வந்ததும் பதற்றத்தில் நிரம்ப நிரம்ப ஊற்றினேன். மறுநாள் பார்க்கிறேன், தோளில் இருந்து பாதி வரை நெடுக வெடித்திருந்தது ஒரு முள்ளங்கி. காய்ந்து இறுகிய தோலுக்குள் சதை திடீரென்று உப்பினால் அது தாங்காது. கொஞ்சமாக, ஆனால் சீராகக் கொடுப்பதுதான் சரி.

* * *

நீங்கள் இருவரும் கிழங்கைப் பற்றிச் சொன்னீர்கள். என் அனுபவம் கிழங்கே இல்லாதது.

வெயில் காலம் தொடங்கிய பிறகு விதைத்துவிட்டேன். முள்ளங்கி குளிர்ந்த பருவத்துப் பயிர் என்று எனக்குத் தெரியாது. கிழங்கு பருக்கும் முன்பே நடுவிலிருந்து பூத்தண்டு கிளம்பிவிட்டது. நுனியைக் கிள்ளிவிட்டால் கிழங்கு வரும் என்று நினைத்துக் கிள்ளினேன். பக்கத்திலிருந்து இரண்டு தண்டுகள் கிளம்பின. பூத்தண்டு ஓடிவிட்டால் கிழங்கு நார் பாய்ந்து நெட்டியாகிவிடும், திரும்பாது.

பிடுங்கிப் போடப் போனவனை அந்தப் பூக்கள்தான் தடுத்தன. வெளிர் ஊதா ஓடிய நான்கு வெள்ளை இதழ்கள், சிலுவை போல. கடுகுப் பூவின் அதே அமைப்பு. இரண்டும் ஒரே குடும்பம்தான். காலை ஏழு மணிக்குள் தேனீக்கள் வந்துவிட்டன. அதுவரை என் தோட்டத்துக்கு அவ்வளவு தேனீக்கள் வந்து நான் பார்த்ததில்லை. ஐந்து செடிகளை அப்படியே விட்டுவிட்டேன்.

விதைக்காகவும் விட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முந்தைய பருவத்தில் ஒரே ஒரு செடியை விட்டிருந்தேன், நிறையப் பூத்தும் காய் சரியாகப் பிடிக்கவே இல்லை. முள்ளங்கி பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, இன்னொரு செடி வேண்டும். ஐந்து செடிகள் இருந்த இந்த முறை தண்டு வளைகிற அளவுக்குக் காய்த்தது. பிஞ்சுக் காயை ஒடித்து மென்று பார்த்தேன். கிழங்கின் அதே காரம்! காய் காய்ந்த பிறகும் கடுகைப் போல வெடித்துச் சிதறவில்லை. உள்ளே தக்கை மாதிரி இருக்கிறது. கையால் நசுக்கித்தான் விதையை எடுக்க வேண்டியிருந்தது. பல நிறங்களில் முள்ளங்கி வளர்ப்பவர்கள் ஒரே சமயத்தில் பூக்க விடாதீர்கள், தேனீக்கள் எல்லாவற்றையும் கலந்துவிடும்.

ஒரு சந்தேகம் அக்கா. இலையெல்லாம் குண்டூசியால் குத்தியது போல ஓட்டையாகிறது. என்ன செய்கிறீர்கள்?

* * *

தம்பி, இலைமேல் கையை நிழலாடவிட்டுப் பாருங்கள். எள்ளளவு கருவண்டுகள் தத்தித் தெறிக்கும். வேலை அவற்றினுடையதுதான். பெரிய செடிகளுக்கு அந்த ஓட்டைகளால் பெரிய கேடு இல்லை, நான் விட்டுவிடுகிறேன். இரண்டிலைப் பருவத்தில் வந்தால்தான் கவலை; நாற்று சூம்பிவிடும். விதைத்த அன்றே மெல்லிய வலைத்துணியால் பாத்தியை மூடி, ஓரங்களில் மண் அணைத்துவிடுகிறேன். கிழங்குக்காக வளர்க்கும்போது தேனீயின் உதவி தேவையில்லை, அதனால் அறுவடை வரை வலை இருக்கலாம். போன வருடம் முள்ளங்கி இருந்த இடத்திலேயே மறுபடி விதைத்து மூடினால் மட்டும் பயனில்லை, மண்ணுக்குள் இருக்கிற வண்டுகள் வலைக்குள்ளேயே வெளிவரும்.

வெள்ளை முள்ளங்கி போடுகிற ஐயா சொன்ன 30 செ.மீ. ஆழம் எனக்குப் புதிது. அடுத்த பாத்தியை அப்படிக் கொத்திவிட்டு வெள்ளை ரகத்தை முயல்கிறேன். நானும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: முற்றவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று உருண்டை ரகத்தைப் பத்து நாள் கூடுதலாக விட்டேன். அழகாகத்தான் இருந்தது, குறுக்கே வெட்டினால் நடுவில் பஞ்சும் பொந்தும். இப்போதெல்லாம் பத்து நாளைக்கு ஒரு வரிசையாகப் பிரித்து விதைக்கிறேன். ஒரே நாளில் எல்லாம் தயாராகி நிற்பதில்லை.

இந்தப் பருவத்தின் முதல் வரிசை போன வாரம் முளைத்தது. இன்று காலை முதல் இலை எட்டிப் பார்த்திருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.