அக்கா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டிவிடிகள் இங்கே ஓட மறுக்கின்றன

காவேரிக்கரை எழுதியது:

வணக்கம். என் அக்கா 22 வருடம் நியூஜெர்சியில் இருந்துவிட்டு, போன மாதம் கும்பகோணத்துக்கே திரும்பி வந்துவிட்டார். சாமான்களோடு ஒரு சூட்கேஸ் நிறைய டிவிடி. எண்ணிப் பார்த்தேன், 64. பாதிக்கு மேல் ஆங்கிலப் படங்கள், கொஞ்சம் காட்டு விலங்குத் தொடர்கள், ஏழு ப்ளூ-ரே. அடியில் வெள்ளைக் காகித உறையில் மார்க்கரால் எழுதிய நாலு வட்டுகள்: அக்கா மகளின் அரங்கேற்றம், 2005. எழுத்து அத்தானுடையது. அவர் இப்போது இல்லை.

எங்கள் தஞ்சாவூர் வீட்டு டிவிடி பிளேயர் 2007-ல் வாங்கியது. கடையில் வாங்கிய வட்டு எதைப் போட்டாலும் ‘ரீஜன் எரர்’ என்று காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. பழைய விண்டோஸ் 7 லேப்டாப்பில் போட்டால், ரீஜனை 1-க்கு மாற்ற வேண்டும், இன்னும் 3 முறைதான் மாற்றலாம் என்கிறது. என் பையன் முன்பே ரெண்டு தடவை மாற்றியிருக்கிறான். பட்டனை அழுத்தப் போய், பயந்து நிறுத்திவிட்டேன்.

அரங்கேற்ற வட்டுகளின் கதை வேறு. முதல் ரெண்டு வட்டும் டிவியில் ஓடுகின்றன, ஆனால் கறுப்பு வெள்ளையில், படம் மேலே மேலே உருண்டுகொண்டே இருக்கிறது. டிவி பழைய டியூப் டிவி. மூன்றாவதையும் நாலாவதையும் போட்டால் பிளேயர் ‘வட்டு இல்லை’ என்கிறது. லேப்டாப்போ, வட்டு காலியாக இருக்கிறது, ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது. அக்கா தினமும் போனில் ‘என்ன ஆச்சு’ என்கிறார். படங்கள் ஓடாவிட்டால்கூடப் பரவாயில்லை, அரங்கேற்றம் வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரவிந்த் கோவை எழுதியது:

லேப்டாப்பில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளைப் போடுங்கள் மேடம். ரீஜன் எல்லாம் அது பார்க்காது. என் லேப்டாப்பில் எல்லா நாட்டு டிவிடியும் ஓடுகிறது.

பழைய சர்வீஸ்காரன் எழுதியது:

அம்மா, முதலில் ஒரு வேண்டுகோள். அந்த ‘ஃபார்மட் செய்யவா’ கேள்விக்கு எந்தக் காரணத்துக்காகவும் சரி கொடுக்காதீர்கள். அந்த ரெண்டு வட்டையும் எடுத்து உறைக்குள் போட்டு, பையன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அவை காலி வட்டுகள் இல்லை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சென்னை ரிச்சி தெருவில் 11 வருடம் டிவிடி பிளேயர் சர்வீஸ் பார்த்தவன் நான். ‘ஓடவில்லை’ என்று வருகிற எல்லாவற்றுக்கும் ரீஜன் பெயரைச் சொல்வார்கள். உங்கள் சூட்கேஸில் நாலு வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன.

கடை டிவிடியின் பின்னட்டையைப் பாருங்கள். சின்ன உலக உருண்டை, அதன் நடுவில் ஓர் எண். அதுதான் ரீஜன், அதாவது வட்டு எந்த மண்டலத்து நாடுகளுக்கானது என்ற எண். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் 1. ஐரோப்பா, ஜப்பான் 2. சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங் 3. ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா பக்கம் 4. நாமும் இலங்கையும் பாகிஸ்தானும் ரஷ்யாவும் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் 5. சீனா 6. அமெரிக்காவில் படம் ஓடி முடிந்து வட்டு வெளிவரும் நேரத்தில் வேறு நாடுகளில் அதே படம் அப்போதுதான் தியேட்டருக்கு வரும். அந்த வசூல் கெடக் கூடாது என்று போட்ட பூட்டு இது. சரி, புதுப் படத்துக்கு அப்படி ஒரு நியாயம் சொல்லலாம். தியேட்டரை விட்டுப் போய் முப்பது வருடம் ஆன படத்துக்கும் எதற்கு அதே பூட்டு? முறையாகக் கடையில் காசு கொடுத்து வாங்கியவரைத்தான் அது தடுக்கிறது. பர்மா பஜாரில் விற்ற திருட்டு வட்டு எதிலும் இந்தப் பூட்டை நான் பார்த்ததில்லை. எத்தனையோ பேர் வெளிநாட்டிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த வட்டோடு என் மேஜைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வட்டில் அந்தப் பூட்டு இருக்கும் இடம் ஒரே ஒரு பைட். எட்டு பிட், எட்டு மண்டலம். பிளேயர் தன்னிடம் உள்ள எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்தாவிட்டால் நின்றுவிடும். பல கம்பெனிகள் எல்லா நாட்டுக்கும் ஒரே போர்டைத்தான் போட்டன. எண் மட்டும் உள்ளே ஒரு செட்டிங்காக இருக்கும். அதனால் பிளேயரின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து இங்கே எழுதுங்கள். பல மாடல்களில் ட்ரேயைக் காலியாக வைத்து, செட்டப் மெனுவுக்குள் போய், ரிமோட்டில் சில எண்களை வரிசையாக அழுத்தினால் மறைவான பக்கம் ஒன்று திறக்கும். மாடலுக்கு மாடல் எண் வேறு, குருட்டாம்போக்கில் அழுத்த வேண்டாம். சிலர் ஃபர்ம்வேரை, அதாவது பிளேயருக்குள் இருக்கும் மென்பொருளை, சிடியில் எழுதிப் போடச் சொல்வார்கள். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் கரண்ட் போய், ஒரு வாடிக்கையாளரின் பிளேயர் என் மேஜையிலேயே செத்துப்போனது. புதிதாக வாங்கிக் கொடுத்தேன்.

அந்தப் பக்கம் திறந்தால் ‘எல்லா மண்டலமும்’ என்று வைக்காமல் 1 என்றே வையுங்கள். 2000-க்குப் பிறகு வந்த சில அமெரிக்க வட்டுகள், ‘எல்லாம் ஓடும்’ என்று சொல்லும் பிளேயரைக் கண்டுபிடித்து, உலகப் படத்தையும் ஓர் அறிவிப்பையும் காட்டிவிட்டு நின்றுவிடும். 1 என்று வைத்திருக்கும் பிளேயரிடம் அந்த வேலை பலிக்காது.

லேப்டாப்பில் அந்த மூன்று முறை என்ற கணக்கு விண்டோஸில் இல்லை, டிரைவுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் அது திரும்பாது. 2000-லிருந்து வந்த டிரைவ்கள் எல்லாமே இப்படித்தான்: மொத்தம் ஐந்து முறை, ஐந்தாவதில் எந்த எண்ணோ அதிலேயே நின்றுவிடும். அதனால் இப்போது மாற்றாதீர்கள். அரவிந்த் சொன்னபடி விஎல்சி போட்டுப் பாருங்கள். டிவிடியின் பூட்டு வெறும் 40 பிட் சாவி. டிரைவ் சாவியைத் தராவிட்டாலும் விஎல்சி தானே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடும். அதனால் தொடங்கச் சிறிது நேரம் ஆகலாம், உடனே நிறுத்திவிடாதீர்கள். ஆனால் தம்பி அரவிந்த், எல்லா லேப்டாப்பிலும் இது நடக்காது. சில டிரைவ்கள், ரீஜன் பொருந்தாவிட்டால் பூட்டிய பகுதியைப் படிக்கவே விடாது. அப்படி ஆனால் யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கி, முதல் முறையே 1 என்று வைத்து, அக்காவின் வட்டுகளுக்கு என்றே ஒதுக்கிவிடுங்கள். நான் செய்திருப்பது அதுதான்.

ப்ளூ-ரே ஏழையும் இப்போதைக்குத் தனியாக வையுங்கள். உங்கள் பிளேயரின் சிவப்பு லேசரால் அதைப் படிக்கவே முடியாது, அதற்கு நீல ஊதா லேசர் வேண்டும். ப்ளூ-ரேயில் மண்டலம் மூன்றுதான்: அமெரிக்கா ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி, நாமும் சீனாவும் ரஷ்யாவும் சி. உறையின் பின்னால் அறுகோணத்துக்குள் எழுத்து இருக்கும். ஏ, பி, சி மூன்றும் இருந்தால் இங்கே வாங்கிய ப்ளூ-ரே பிளேயரிலேயே ஓடும். அதைப் பார்க்காமல் பிளேயர் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள்.

இனி அரங்கேற்றம். வீட்டில் பதிவு செய்த வட்டில் ரீஜன் பூட்டு கிடையாது. உருளும் ரெண்டு வட்டும் என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறை, 525 கோடு. உங்கள் டியூப் டிவிக்குத் தெரிந்தது நம் நாட்டு ‘பால்’ (PAL) முறை, 625 கோடு. பிளேயரின் செட்டப்பில் ‘டிவி டைப்’ என்ற இடம் ‘ஆட்டோ’ அல்லது ‘மல்டி’ என்று இருக்கும். ‘பால்’ என்று மாற்றுங்கள், பிளேயரே மாற்றிக் கொடுத்துவிடும். நிறமும் வரும், உருளுவதும் நிற்கும்.

காலி என்று காட்டும் ரெண்டும் ‘ஃபைனலைஸ்’ செய்யாமல் விட்டவை. ரெக்கார்டர் பதிவை எழுதிவிட்டது, எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலை எழுதி முடிக்கவில்லை. அதனால் மற்ற மெஷின்களுக்கு அது காலி வட்டு. வெளிச்சத்தில் சாய்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து வெளியே நிறம் மாறிய ஒரு வளையம் தெரிந்தால் பதிவு இருக்கிறது. எழுதிய அதே ரெக்கார்டரில் போட்டு ஃபைனலைஸ் செய்வதே சிறந்த வழி. அக்கா அந்த மெஷினைக் கொண்டுவந்திருக்கிறாரா? கொண்டுவந்திருந்தால் உடனே பிளக்கில் செருகாதீர்கள். அமெரிக்காவில் 120 வோல்ட், நம் 230-ல் கருகிவிடும். பின்னால் 100-240 என்று எழுதியிருந்தால் மட்டும் நேராகச் செருகலாம்.

நெல்லைச்சீமை எழுதியது:

அண்ணே, பூட்டைத் தாண்டுவது சட்டப்படி தப்பில்லையா?

பழைய சர்வீஸ்காரன் எழுதியது:

பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை என்கிறது. தான் வாங்கிய வட்டைத் தன் வீட்டில் பார்ப்பது அந்த நோக்கத்தில் சேராது என்பதே என் புரிதல். ஆஸ்திரேலியா 2006-ல் சட்டம் திருத்தியபோது படங்களின் மண்டலப் பூட்டைப் பாதுகாப்பிலிருந்து விலக்கியே வைத்தது. பிரதி எடுத்து விற்பதற்கு நான் உதவ மாட்டேன், யார் கேட்டாலும்.

தேம்ஸ்தம்பி எழுதியது:

வணக்கம் அக்கா, நான் லண்டனில் இருக்கிறேன், சொந்த இடம் யாழ்ப்பாணம். எங்களுக்கு டிவிடி 2, ப்ளூ-ரே பி. அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ப்ளூ-ரே ஒன்று ஓடாமல் போனதால், எல்லா மண்டலமும் ஓடுகிற பிளேயரை வாங்கினேன். இங்கே கடைகளில் வெளிப்படையாகவே விற்கிறார்கள். 4கே ப்ளூ-ரே வட்டுகளுக்கு மண்டலப் பூட்டே இல்லை. ஆனால் 4கே பெட்டிக்குள் கூடவே வருகிற சாதாரண ப்ளூ-ரேக்கு இருக்கலாம், கவனம்.

இன்னொன்று. உங்கள் அமெரிக்க வட்டுகளை விட்டுவிடாதீர்கள். சினிமா நொடிக்கு 24 பிரேம். பால் டிவிடியில் அதை 25-ஆக ஓட்டுவார்கள், 120 நிமிடப் படம் 115 நிமிடத்திலேயே முடிந்துவிடும், பாட்டின் சுருதியும் அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். நான் மிருதங்கம் வாசிக்கிறவன், எனக்கு உடனே கேட்கும். என்டிஎஸ்சி வட்டில் படம் அதன் சொந்த வேகத்தில் ஓடும்.

காவேரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

விஎல்சியில் இதுவரை போட்ட கடை வட்டுகள் எல்லாம் உடனே ஓடின, ஒன்றைத் தவிர. அது ஒரு நிமிடம் சுற்றிவிட்டுத்தான் தொடங்கியது. ரீஜனைத் தொடவே இல்லை. ஏழு ப்ளூ-ரேயில், நாலு வட்டுகளில் ஏ, பி, சி மூன்று எழுத்தும் இருக்கின்றன, மற்ற மூன்றில் ஏ மட்டும். டிவி டைப்பை ‘பால்’ என்று மாற்றியதும் முதல் ரெண்டு அரங்கேற்ற வட்டும் நிறத்தோடு நிலையாக நின்றன.

ரெக்கார்டர் கும்பகோணத்தில், இன்னும் பிரிக்காத ஒரு பெட்டியில் இருந்தது. பின்னால் 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தது. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் நேராகச் செருகியிருப்பேன். துபாய், அமெரிக்கச் சாமான்களை ரிப்பேர் செய்கிற கடையில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாடகைக்கு வாங்கி வந்தோம். மூன்றாவது வட்டு ஏழு நிமிடத்தில் ஃபைனலைஸ் ஆனது. நாலாவது 80 சதவீதம் வரை போய்ப் பிழை காட்டி வெளியே வந்துவிட்டது. அடிப்பக்கத்தில் ஓரமாக மேகம் மாதிரி ஒரு கறை தெரிகிறது.

மூன்றாவது வட்டில் தில்லானா முழுசாக இருக்கிறது. நடுவில் கேமராவுக்குப் பின்னாலிருந்து அத்தான் யாரிடமோ ‘அந்த லைட்டைக் கொஞ்சம் திருப்புங்க’ என்கிறார். அக்கா அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னார்.

நாலாவதுக்கு ஏதாவது வழி உண்டா?

பழைய சர்வீஸ்காரன் எழுதியது:

ரொம்ப சந்தோஷம் அம்மா. நாலாவதை மறுபடி ரெக்கார்டரில் போடாதீர்கள். அந்தக் கறை வட்டின் சாயம் கெட்டுப்போன இடமாக இருக்கலாம். ஃபைனலைஸ் ஆகாத வட்டிலிருந்தும் பதிவை அப்படியே படித்து எடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, கெட்ட இடத்தைத் தாண்டிவிட்டு மற்றதை எடுத்துவிடலாம். வட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். அப்புறம் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து எனக்கு அனுப்பினால் நானே முயற்சி செய்கிறேன், காசு வேண்டாம். முகவரியைத் தனிச் செய்தியில் தருகிறேன்.

அதற்கு முன், ஓடுகிற மூன்று வட்டிலும் உள்ள வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டரை இன்றைக்கே லேப்டாப்பில் காப்பி செய்துவிடுங்கள். பூட்டு எதுவும் இல்லை, சாதாரணமாக இழுத்துப் போட்டாலே போதும். 2005-ல் எழுதிய வட்டு, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு காப்பி உங்களிடம், ஒன்று அக்காவிடம், ஒன்று அந்தப் பெண்ணிடம் இருக்கட்டும்.