கிரிக்கெட் ஆடியபோது அந்த நெல் எங்கே இருந்தது?

குடமுருட்டிக்கரை:
காவிரி டெல்டாவில் இருக்கும் எங்கள் ஊரின் ஜனவரி 26 கிராம சபையில் பெரியவர் ஒருவர் எழுந்து, பெண் பிள்ளைகளின் கால்பந்துக் கழகம் திடலை அடைத்துக்கொள்வதால் சம்பா நெல்லைக் காய வைக்க இடமில்லை, ஆகவே அவர்களுக்கு இனித் திடலைத் தரக் கூடாது என்று பேசினார். கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கழகத்துப் பிள்ளைகளுக்குப் பந்தைக் காலில் வாங்கக் கற்றுக்கொடுத்தவளும் நானே. அதே திடலில் இருபது ஆண்டுகளாகப் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, மூன்று நாள் போட்டியும் நடத்துகிறார்கள். அப்போதெல்லாம் அந்த நெல் எங்கே இருந்தது என்று அந்தப் பெரியவரோ, அவருக்குத் தலையாட்டியவர்களோ எனக்குச் சொல்ல வேண்டும்.

பண்ணைவீட்டார்:
அவர் பேசியதில் ஒரு சொல்லும் தவறில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை ஓரங்கட்டி விடுகிறார்கள். இயந்திரத்தில் அறுத்த நெல் ஈரத்தோடுதான் வந்து விழுகிறது. பழைய களங்களெல்லாம் வீட்டு மனைகளாகிவிட்டன. சாலையில் கொட்டினால் இருசக்கர வண்டிக்காரர் சறுக்கி விழுகிறார். இந்த நிலையில் விவசாயி திடலை நம்பாமல் எதை நம்புவான்? தவிரவும், வயதுக்கு வந்த பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு ஊர் நடுவே ஓடுவது இந்த மண்ணின் வழக்கமில்லை.

குடமுருட்டிக்கரை:
கேட்ட கேள்விக்கு விடை வரவில்லை. நெல்லில் தொடங்கிய ஐயா, ஒரு பத்தி முடிவதற்குள் அரைக்கால் சட்டைக்கு வந்து சேர்ந்துவிட்டார். உறுத்துவது எது என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆட்ட விதிப்படி அரைக்கால் சட்டை கட்டாயம்தான். ஆனால் அதே நிறத்தில் உள்ளே முழுக்கால் இறுக்க உடை அணியலாம் என்றும் அதே விதி சொல்கிறது; எங்கள் பிள்ளைகள் கறுப்பின் மேல் கறுப்பாக அப்படித்தான் அணிகிறார்கள். ஒரு பிள்ளை வீட்டுக்குப் பயந்து, சுடிதாரோடு வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு, கழற்றியதை நான்காக மடித்துப் புத்தகப் பைக்குள் வைக்கிறாள். ஆறரை மணிக்கு அடிபம்பில் கணுக்காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். களிமண் நகக்கண்ணில் ஒட்டியிருந்தால் அம்மா கண்டுபிடித்துவிடுவாளாம்.

இனி நெல்லுக்கே வருகிறேன், நானும் நான்கு மா நிலத்துக்காரிதான் (ஒரு மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு). மாசிப் பனி இறங்குமுன், நான்கு மணிக்கெல்லாம் நெல்லைப் பலகையால் இழுத்துக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறோம். பிள்ளைகள் வருவது ஐந்து மணிக்கு. எங்கள் திடல் அரை வேலி, அதாவது பத்து மா. 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள முழு மைதானமே ஐந்து மாவுக்குச் சற்றே கூடுதல். பயிற்சிக்கு அதில் பாதி போதும். கிரிக்கெட்டுக்குத் திடல் முழுவதும் வேண்டும். அப்போது நெல் எங்கே இருந்தது?

வைகைக்கரை:
அம்மா, இவர்களோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? எங்கள் மதுரையின் சேது கழகம் 2019 இல் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையையே வென்று வந்தது. சோழநாட்டுக்காரர்கள் ஆயிரம் ஆண்டுப் பெருமையைப் பேசிக்கொண்டே ஒரு திடலைக் கொடுக்க யோசிக்கிறார்கள்.

தென்பெண்ணை:
மதுரைத் தம்பி அத்தனை பெருமையையும் தனக்கே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் எங்கள் கடலூர்ப் பெண். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018 இல் மணிப்பூரை வென்று தேசிய வாகை சூடினார்கள். டெல்டாவில் பெண்கள் கால்பந்து முளைக்காது என்பவர்கள் எங்கள் ஊருக்கு வந்து பார்க்கட்டும்.

பண்ணைவீட்டார்:
கடலூர் என்றைக்கு டெல்டாவானது? தென்பெண்ணைத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் காவிரிக்கு உரிமை கொண்டாடுவதை நான் ஒப்புக்கொள்ள முடியாது. கல்லணைக்குக் கீழே வாய்க்கால் வெட்டி, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் ஊரின் கட்டுப்பாடு வெளியாருக்குப் புரியாது.

தென்பெண்ணை:
காவிரி டெல்டாவுக்காக 2020 இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை ஐயா ஒரு முறை படித்துப் பார்க்கலாம். தஞ்சை, திருவாரூர், நாகையோடு கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயிலும் குமராட்சியும் அதில் இருக்கின்றன. கொள்ளிடத்து வடகரைக்காரனை வெளியார் என்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை.

கடற்கரைத் தெரு:
அதிராம்பட்டினம் பக்கம் எழுதுகிறேன். எங்களுக்குக் கால்பந்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தலையை மூடிக்கொண்டு ஆடலாம் என்று 2014 இலேயே உலக அளவில் விதி வந்துவிட்டது. ஆகவே உடையை வைத்துச் சண்டை பிடிப்பது வீண். ஆனால், ஆண்கள் வந்து நிற்காத, சுற்றுச்சுவர் உள்ள தனி மைதானம் ஒன்றைக் கட்டிய பிறகு ஆடினால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு இராது என்பது என் கருத்து.

குடமுருட்டிக்கரை:
தம்பி நல்லெண்ணத்தோடு சொல்கிறார் என்று ஏற்றுக்கொள்கிறேன், யோசனையை ஏற்க மாட்டேன். சுற்றுச்சுவர் எழும்பும்போது இந்தப் பிள்ளைகள் பேரப்பிள்ளை எடுத்திருப்பார்கள். 1920 டிசம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பெண்கள் ஆடிய ஓர் ஆட்டத்தைக் காண 53,000 பேர் கூடினார்கள். மறு ஆண்டு டிசம்பர் 5 அன்று அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று என்று தீர்மானம் போட்டது. ஆடினால் சிறை என்று அவர்கள் சொல்லவில்லை. தம் சங்கத்தைச் சேர்ந்த கழகங்கள் பெண்களுக்கு மைதானம் தரக் கூடாது என்று மட்டுமே சொன்னார்கள். அது ஒன்றே ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்குப் போதுமானதாக இருந்தது. எங்கள் கிராம சபையிலும் பெண்கள் ஆடக் கூடாது என்று யாரும் வாய் திறக்கவில்லை. திடல் இல்லை என்றுதான் சொன்னார்கள்.

அதற்காக நம் நாட்டுப் பெண்கள் காத்திருக்கவுமில்லை. கோழிக்கோட்டில் நடந்த ஆசியக் கால்பந்துப் போட்டியில் இறுதி ஆட்டம்வரை வந்தார்கள். 1983 இல் பாங்காக்கில் மறுபடியும் வந்தார்கள். இந்த மண்ணின் வழக்கமில்லை என்கிற ஐயா, எந்த ஆண்டு வரைக்கும் உள்ளதை வழக்கம் என்று கணக்கில் எடுக்கிறார்? கிரிக்கெட் எந்தச் சோழன் காலத்து வழக்கம்?

பண்ணைவீட்டார்:
கிரிக்கெட் போட்டி பொங்கலுக்கு நடக்கிறது. அப்போது எங்கள் பக்கம் அறுவடையே முழுதாகத் தொடங்கியிராது. இதுகூடத் தெரியாமல் நான்கு மா நிலம் வைத்திருக்கிறாராம்.

குடமுருட்டிக்கரை:
பொங்கல் போட்டி மூன்று நாள். மாசி முழுவதும் ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்கு, நெல்லை விரிக்க வேண்டிய அதே வேளையில் ஆடுகிறார்களே, அதற்கு விடை என்ன? போன மாசியில் என் நெல்லின் மேல் பந்து விழுந்து, அதை எடுக்க வந்த பையன் செருப்புக் காலோடு குவியலின் மேல் ஏறினான். நீங்கள் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். இங்கே புனைபெயரில் எழுதினாலும் நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும், ஐயா.

வைகைக்கரை:
அப்படியானால் கிராம சபையில் பேசியவரே இவர்தானா?

பண்ணைவீட்டார்:
நான் யாராக இருந்தாலும் ஈரப்பதம் ஈரப்பதம்தான். 2022 இல் 19 என்று தளர்த்தினார்கள், அடுத்த ஆண்டு மழையில் நனைந்த பிறகு 20 என்றார்கள். இரண்டுக்கும் நாங்கள் எத்தனை நாள் மூட்டையோடு காத்துக் கிடந்தோம் என்பது ஆசிரியை அம்மாவுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வரி எழுதட்டும், பிறகு பந்தைப் பற்றிப் பேசலாம்.

தென்பெண்ணை:
குமராட்சியைப் பற்றி நான் கேட்டதற்கும் ஐயா இன்னும் பதில் எழுதவில்லை.

குடமுருட்டிக்கரை:
ஈரப்பதத்துக்காக நானும் உங்கள் பக்கத்திலேயேதான் மூட்டையோடு இரண்டு இரவு படுத்திருந்தேன், மறந்துவிட்டீர்கள். நாளை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் திடலுக்கு வருவார்கள். கிழக்குப் பக்கத்து ஐந்து மாவில்தான் ஆடுவார்கள், உங்கள் தார்ப்பாய் மேற்கே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு மட்டும் இன்னும் விடை சொல்லவில்லை நீங்கள்.