தெசுலாச் சுருளுக்குப் பக்கத்தில் இருப்பது மானியா, காட்டியா?

கல்லடியிலிருந்து:
வணக்கம். வெள்ளிக்கிழமை எங்கள் உயர்தர மாணவர்களின் விஞ்ஞானக் கண்காட்சி. பிள்ளைகள் செய்த தெசுலாச் சுருள் (மிக உயர்ந்த மின்னழுத்தத்தை உண்டாக்கும் கம்பிச் சுருள்) ஏறத்தாழ 300 கிலோஹேட்சில் அலைகிறது. அதன் புலத்தைப் பார்க்கக் கடையில் வாங்கிய மீற்றர் வீட்டு வயரின் 50 ஹேட்சுக்கானது, இங்கே அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. ஆகவே மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் அலைவுகாட்டியில் இரண்டைப் பொருத்தினோம்: மின்புலத்துக்கு ஒரு குட்டைக் கம்பி, காந்தப்புலத்துக்கு ஒரு சிறு கம்பி வளையம். பெயர்ப்பலகையில் 'மின்காந்தப் புலமானி' என்று எழுதலாமா? வியாழன் காலை அச்சுக்குப் போக வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து:
எழுதுங்கள் ரீச்சர். வெப்பமானியும் அம்பியர்மானியும் படித்த பிள்ளைக்கு உடனே விளங்கும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
மானி வடமொழி 'மானம்' வழி வந்தது. நம்மிடம் சொல் இல்லையா? குறள் 118இல் சீர்தூக்குவது கோல். அளவுகோலும் கோல்தான். கையில் பிடித்து நீட்டும் கருவிக்குப் 'புலக்கோல்' எவ்வளவு பொருத்தம்! இன்னொன்றும் உண்டு. நம் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், நெல் அளந்த மரைக்கால், மரக்கால்தான். அந்தக் 'கால்' அளவைப் பெயர். புலம் என்றால் வயலும் ஆகும். 'புலக்கால்' என்றால் மண்ணின் மணமே வந்துவிடும்.

அக்கரைப்பற்றிலிருந்து:
ஐயா, பரீட்சைத் தாளில் அந்தச் சொல் வராது. பிள்ளை எதைப் படிக்கும்?

கல்முனையிலிருந்து:
ஐயா, வளையத்தைக் கோல் என்று எப்படிச் சொல்வது? அதைவிட எனக்கு 'மின்காந்த' என்ற அடைதான் உறுத்துகிறது. 300 கிலோஹேட்சுக்கு அலைநீளம் 1000 மீற்றர். அதை 2π ஆல் வகுத்தால் ஏறத்தாழ 160 மீற்றர். அதற்குள் முழுவதும் அண்மைப் புலம், அதாவது இரண்டு புலங்களின் விகிதம் இன்னும் நிலைக்காத பகுதி; மண்டபமே அதற்குள் அடங்கிவிடும். வெகு தொலைவில்தான் மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள விகிதம் 377 ஓமில் நிலைக்கும். இங்கே ஒன்றை அளந்து மற்றதைக் கணிக்க முடியாது. அதனால்தானே இரண்டு கருவி வைத்தீர்கள்? பெயரும் இரண்டாக இருக்கட்டும்.

அடுத்தது, ரீச்சர், அந்தக் கம்பியை அளவுகோடிட்டீர்களா, அதாவது தெரிந்த புலத்தோடு ஒப்பிட்டு அளவு குறித்தீர்களா? இல்லையென்றால் அலைவுகாட்டியில் மீடிறன் (அதிர்வெண்) சரியாகத் தெரியும், ஆனால் மீற்றருக்கு எத்தனை வோல்ற்று என்று சொல்ல முடியாது. பொன்னிலை மின்காட்டி மின்னேற்றம் இருப்பதைக் காட்டும், எவ்வளவு என்று அளந்து சொல்லாது; அதை நாம் மானி என்பதில்லை. ஆகவே 'மின்புலங்காட்டி', 'காந்தப்புலங்காட்டி'.

கல்லடியிலிருந்து:
அளவுகோடிடவில்லை, தம்பி. இதை நான் யோசிக்கவே இல்லை. சரி, காட்டி என்றே எழுதுகிறேன்.

அக்கரைப்பற்றிலிருந்து:
எனக்கும் சம்மதம். அப்புறம், 'தெசுலா'வை 'டெஸ்லா' என்று எழுதினால் நல்லது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
காட்டி நல்ல தமிழ், தடையில்லை. ஆனால் அளவுகோடிட்ட பிறகு அதை மானி என்பீர்களே, அதை நான் ஏற்கவில்லை. இந்தச் சொற்களைக் கலைச்சொல் அகராதிக்கு எடுக்கும்போது 'புலக்கோல்' என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். 'தெசுலா'வை மாற்ற வேண்டாம்.