டேப்லெட்டில் வரையும்போது ஒருமுறை நடந்து, இன்னும் மண்டையில் ஓடிக்கொண்டிருப்பதை எழுதுங்கள்

கரித்துண்டு

ஓவியக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். வகுப்பில் நீர்வண்ணமும் எண்ணெய் வண்ணமும்தான், டிஜிட்டல் எல்லாம் ராத்திரி ஹாஸ்டலில் நானாகத் தட்டித் தடவிப் பழகுவது. கிரிட்டா என்ற வரைகிற மென்பொருள், கம்ப்யூட்டரில் செருகிப் பேனாவால் வரையும், திரை இல்லாத ஒரு சின்ன டேப்லெட். அவ்வளவுதான்.

ஊரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தாத்தா உட்கார்ந்திருக்கும் போட்டோ ஒன்றைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தேன். உச்சி வெயில். அவர் உள்ளே தள்ளி நிழலில் இருக்கிறார், வெள்ளை வேட்டி. அவருடைய வெளுத்துப்போன கறுப்புக் குடை மட்டும் படியில் வெயிலில் கிடக்கிறது. முகம், கை நரம்பு எல்லாம் எனக்குத் திருப்தியாக வந்துவிட்டது. பத்தாவது படிக்கிற அத்தை பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் மச்சான், தாத்தா வேட்டிக்குள்ள டியூப் லைட் போட்டு வச்சிருக்கியா?" என்றான்.

கோபம்தான் வந்தது. இருந்தாலும் போட்டோவில் வேட்டியின் மேல் கலர் பிக்கரை, அதாவது தொட்ட இடத்தின் நிறத்தை எடுத்துத் தரும் கருவியை, வைத்தேன். லேசாக நீலம் ஏறிய ஓர் அழுக்குச் சாம்பல் வந்தது. அடுத்து வெயிலில் கிடந்த குடைத் துணியின் மேல் வைத்தேன். அதுவும் ஏறக்குறைய அதே சாம்பல்! இரண்டையும் கேன்வாஸ் ஓரத்தில் பக்கத்துப் பக்கத்துச் சதுரமாகப் போட்டுப் பார்த்தால் எது வேட்டி, எது குடை என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. நான் போட்டிருந்த பளிச் வெள்ளைக்குப் பதில் அந்தச் சாம்பலை எடுத்து வேட்டிக்குப் பூசினேன், வேட்டி வெள்ளையாகிவிட்டது.

இது நடந்து கொஞ்ச காலம் ஆகிறது. படம் முன்னைவிட நன்றாக வருகிறது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் பிக்கரைக் கேட்காமல் எந்த இடத்திலும் நிறம் வைக்கக் கை வருவதில்லை. தேறியிருக்கிறேனா கெட்டிருக்கிறேனா, தெரியவில்லை. உங்களுக்கு இந்த மாதிரி நடந்ததைச் சொல்லுங்கள்.

பழைய தூரிகை

பிக்கரை இன்றைக்கே விடுங்கள். இப்போதைய போன்கள் ஒரே நொடியில் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பல படம் எடுத்துச் சேர்த்து, நிழலை ஏற்றி, வெளிச்சத்தை இறக்கித்தான் படத்தைக் கையில் கொடுக்கின்றன. நீங்கள் எடுத்தது திண்ணையில் இருந்த சாம்பல் இல்லை, போன் முடிவு செய்த சாம்பல்.

என் கதை சின்னது. கும்பகோணம் மகாமகக் குளக்கரையில் உட்கார்ந்து குவாஷில், அதாவது கெட்டியான நீர்வண்ணத்தில், வரைந்துகொண்டிருந்தேன். குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள் உண்டல்லவா, அதில் ஒன்று. கண்ணைச் சுருக்கி உள்பக்க இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது மெதுவாக ஓர் ஆள் தெரிந்தார், துண்டை விரித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய்க் கேமராவில் எடுத்ததைப் பார்த்தால் அந்த இடத்தில் வெறும் கறுப்பு, ஆளே இல்லை. அன்றைக்கு இருந்த கேமரா நிழலை விழுங்கியது, இன்றைய போன் நிழலைத் தூக்கிக் காட்டுகிறது. இரண்டையும் நம்பாதீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வெளிச்சம் இருட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க போட்டோஷாப்பில் நிறத்தை நீக்கிச் சாம்பலாக்கும் டீசாச்சுரேட்டை அழுத்தாதீர்கள். அது ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களில் பெரியதையும் சின்னதையும் கூட்டிப் பாதியாக்கிவிடும். சுத்த மஞ்சள் 255, 255, 0. சுத்த நீலம் 0, 0, 255. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் ஒரே சாம்பல் வரும். எந்த ஊரில் மஞ்சளும் நீலமும் ஒரே இருட்டாக இருக்கின்றன? எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர், அதாவது கண்ணாடித் தாள் மாதிரி ஓர் அடுக்கு போட்டு, முழுக்கக் கறுப்பை நிரப்பி, அது கீழே உள்ள படத்தோடு கலக்கும் விதமான பிளெண்டிங் மோடை 'கலர்' என்று மாற்றுங்கள். மஞ்சள் வெளுப்பாகவும் நீலம் இருட்டாகவும் பிரிந்து நிற்கும். வரைந்துகொண்டிருக்கும்போதே அதை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும், கடைசியில் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. அப்புறம் ஜூம். கண்ணிமை வரைய உள்ளே போனவர்கள் சாயங்காலம்வரை வெளியே வருவதில்லை. பாதி வேலை முடிகிறவரை முழுப் படமும் திரையில் தெரியட்டும். கேன்வாஸை இடம் வலமாகப் புரட்டிப் பாருங்கள், கிரிட்டாவில் 'எம்' அழுத்தினால் போதும், கோணிப்போன கண்ணும் தாடையும் அப்போதே பல்லை இளிக்கும். நிழலுக்கெல்லாம் கறுப்பை எடுத்து, கீழே உள்ளதை இருட்டாக்கும் மல்டிப்ளை மோடில் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், திண்ணை நிழலில் வானத்து நீலமும் தரையில் பட்டு எழும்பும் மண் நிறமும் இருக்கும், அது செத்துவிடும். ஊரில் உள்ள பிரஷ் எல்லாவற்றையும் டவுன்லோடு செய்வதையும் நிறுத்துங்கள். ஒரு கெட்டி பிரஷ், ஒரு மிருது பிரஷ், ஆறு மாதம் அதிலேயே வரையுங்கள்.

ஓரப்புள்ளி

அவர் அனுபவம் கேட்டார் ஐயா, நீங்கள் சிலபஸ் கொடுத்துவிட்டீர்கள்.

என்னுடையது நிறம் பற்றியதே இல்லை. அப்பா தச்சு வேலை செய்கிறவர். தேர் ஒன்று வரைந்து, நன்றாக வந்திருக்கிறதே என்று அவரிடம் காட்டினேன். தேரையோ பொம்மைகளையோ அவர் பார்க்கவே இல்லை. "இந்தச் சக்கரம் உருளாது" என்றார். வட்டம்தான்பா, கொஞ்சம் கோணத்தில் இருக்கு என்றேன். அவர் அடுக்களைக்குப் போய் ஒரு டப்பா மூடியை எடுத்துவந்து டேப்லெட் மேல் வைத்து, "இதைச் சுத்திக் கோடு போடு" என்றார். போட்டேன். திரையில் வந்தது வட்டம் இல்லை, இரண்டு பக்கமும் அகண்டு படுத்திருந்தது. அப்பா திரைமேல் நூல் பிடித்து வேறு அளந்து காட்டினார், அதுதான் அவமானம்.

காரணம் சாதாரணம். அகலம் உயரம் விகிதம் டேப்லெட்டில் 16க்கு 10, மானிட்டரில் 16க்கு 9. டேப்லெட்டை இயக்கும் மென்பொருளான டிரைவர், டேப்லெட்டின் பரப்பை மானிட்டர்மேல் இழுத்துப் பரப்பிவிடுகிறது, கிடைமட்டத்தில் எல்லாம் 11 சதவீதம் கூடுதல். மெதுவாகப் போடும் கோட்டைக் கண் பார்த்துத் திருத்திக்கொள்ளும், வீசிப் போடும் கோட்டில்தான் குட்டு வெளிப்படும். நான் வேகமாகப் போட்ட ஸ்கெட்ச் முகங்கள் எல்லாம் கன்னம் உப்பியே இருந்ததற்கு இதுதான் காரணம், நண்பர்கள் அதை என் ஸ்டைல் என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார்கள். விகிதத்தைக் காப்பாற்றும் ஆப்ஷன் டிரைவரிலேயே இருக்கிறது, ஒரு டிக் போட்டால் போதும். டேப்லெட்டின் ஓரத்தில் கொஞ்சம் இடம் வீணாகும், போகட்டும். கரித்துண்டு, உங்களுடையதும் திரை இல்லாத டேப்லெட்தானே, ஒரு மூடியை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஊடைநூல்

பழைய தூரிகை சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். பிக்கரைத் தூக்கிப்போடு என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் எனக்குப் புத்தி வந்ததே அதனால்தான்.

காஞ்சிபுரம், வீட்டிலேயே தறி. அம்மாவை மயில் கழுத்துப் புடவையில் வரைய ஆசை. போட்டோவில் புடவையின் மேல் பிக்கரை வைத்தால் ஓர் இடத்தில் பச்சை, ஒரு விரல் தள்ளி வைத்தால் நீலம், கொசுவத்தில் கறுப்பே வருகிறது. சரி, வெளிச்சத்தில் பச்சை, நிழலில் நீலம் என்று முடிவு கட்டி கிரேடியன்ட் மாதிரி போட்டுவிட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "இது நைலக்ஸாடி?" என்றாள்.

அப்புறம் பீரோவிலிருந்து அந்தப் புடவையையே எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்து, முந்தானையை மடித்து மடித்துக் காட்டினாள். பாவு, அதாவது நெடுக்கு நூல், நீலம்; ஊடை, அதாவது குறுக்கு நூல், பச்சை. ஒரே ஜன்னல், ஒரே வெளிச்சம், மடிப்பு திரும்பும்போது எந்த நூல் நம் பக்கம் பார்க்கிறதோ அந்த நிறம் மேலே வருகிறது. வெளிச்சத்திலேயே நீலமும் உண்டு, நிழலிலேயே பச்சையும் உண்டு. சின்ன வயதிலிருந்து அந்தத் தறிச் சத்தத்தில்தான் தூங்கியிருக்கிறேன், ஒரு தடவைகூட இதைக் கவனித்ததில்லை. இப்போது புடவைக்கு இரண்டு லேயர் வைக்கிறேன், பாவுக்கு ஒன்று, ஊடைக்கு ஒன்று, மடிப்பு போகிற திசையைப் பார்த்து, லேயரை அங்கங்கே மறைக்கும் மாஸ்க்கில் அழித்துக்கொண்டே போவது. நேரம் பிடிக்கும். ஆனால் பட்டு பட்டாக இருக்கும்.

கரித்துண்டின் சாம்பலுக்கு வருகிறேன். போன்மேல் மட்டும் பழி போடாதீர்கள். பாரிஸ் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தவர் செவ்ரல் என்ற வேதியியல்காரர். கறுப்பு நூல் சரியில்லை, வெளுத்துத் தெரிகிறது என்று புகார் வந்து அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தன. பக்கத்து நிறம் ஒரு நிறத்தை எப்படி மாற்றிக் காட்டுகிறது என்று 1839இல் பெரிய புத்தகமே போட்டார். அப்போது எந்த போன் இருந்தது? அரக்கு உடலுக்குப் பச்சை பார்டர் ஏன் அவ்வளவு எடுப்பாக நிற்கிறது என்று அம்மாவைக் கேட்டால் புத்தகம் இல்லாமலே சொல்வாள்.

மைக்கறை

மயில் கழுத்து என்றதும் வயிறு எரிகிறது.

எங்கள் ஊர் முருகன் கோயில் பங்குனி உத்திரத்துக்கு போஸ்டர் போடச் சொன்னார்கள். மயில் கழுத்துக்கு ஒரு நீலம் போட்டேன் பாருங்கள், மானிட்டரில் ராத்திரி லைட்டை அணைத்துவிட்டுப் பார்த்தால் அறையே நீலமாகும். சிவகாசியில் ஓர் அச்சகம். முதல் தாளை உருவி என் கையில் கொடுத்தார்கள். மயிலுக்குக் கத்தரிக்காய் நிறத்தில் கழுத்து. மெஷின் பக்கம் நின்றிருந்த அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க வரைஞ்சது வெளிச்சம். எங்கிட்ட இருக்கிறது மை. அந்த நீலம் மையில கிடையாது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, தினமும் யாருக்காவது சொல்வார்போல.

அச்சுக்குப் போகிற படம் என்றால் ஆரம்பத்திலேயே சிஎம்ஒய்கே சாஃப்ட் புரூஃபை, அதாவது அச்சின் நாலு மையில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் பார்வையை, போட்டுப் பார்த்துக்கொண்டே வரையுங்கள். முடித்துவிட்டு மாற்றினால் நெஞ்சு வலிக்கும். திரையின் பிரைட்னஸையும் பாதிக்குக் குறையுங்கள்.

பழைய தூரிகை

சிலபஸ் என்றவருக்கு: இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அந்த எரிச்சலில் எழுதியது. ஊடைநூல், செவ்ரல் சொன்னது கண்ணைப் பற்றி, நான் சொன்னது கேமராவைப் பற்றி, இரண்டும் வேறு. பிக்கர் எண்ணைத்தான் கொடுக்கும். உங்களுக்கே புத்தி வந்தது பிக்கரால் இல்லையே, உங்கள் அம்மா புடவையை மடித்துக் காட்டியதால்தானே?

ஊடைநூல்

பிக்கர் குழப்பியதால்தான் அம்மாவிடம் காட்டும் அளவுக்குப் போனேன். இத்தோடு விடுகிறேன்.

கரித்துண்டு

சண்டை போடாதீர்கள், இரண்டையும் செய்து பார்த்தேன். ஹாஸ்டல் மாடியில் ஒரு வேட்டியைத் தண்ணீர்த் தொட்டி நிழலில் காயப் போட்டு, போட்டோ இல்லாமல் பார்த்தே வரைந்தேன். இப்போது பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், முதலில் கண்ணால் பார்த்து நிறத்தை வைத்துவிடுவது, அப்புறம் போட்டோ எடுத்துப் பிக்கரில் ஒப்பிடுவது. போன் கொஞ்சம் பொய் சொன்னாலும் நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதாவது தெரிகிறது. வெள்ளைப் பொருள் என்றால் ஒவ்வொரு தடவையும் வெளுப்பாகவே வைக்கிறேன். கறுப்பு முடியை வெயிலில் வரைந்தால் இருட்டாகவே வைக்கிறேன். நடுவில் இருக்கிற நிறங்கள், சுவர், மண், தோல், இதெல்லாம் ஏறக்குறைய சரியாகவே விழுகின்றன. பெயர் தெரிந்த நிறத்தில்தான் கை ஏமாறுகிறது.

மூடி வைத்தும் பார்த்தேன். வட்டம் வட்டமாகவே வந்தது, தப்பித்தேன்.

ஒரு சந்தேகம். கிரிட்டாவில் 'கலர்' என்று பிளெண்டிங் மோட் தேடினால் நாலைந்து வருகிறதே, எது?

ஓரப்புள்ளி

எச்எஸ்ஒய் என்ற பிரிவின் கீழே வெறும் 'கலர்' என்று இருப்பதை எடுங்கள். எச்எஸ்எல் பிரிவில் இருப்பதை எடுத்தால் டீசாச்சுரேட் கதைதான், மஞ்சளும் நீலமும் மறுபடி ஒன்றாகிவிடும்.

மைக்கறை, அந்த மயிலைக் கடைசியில் என்ன செய்தீர்கள்?

மைக்கறை

அந்த அண்ணனே பக்கத்தில் உட்கார்ந்து மாற்றச் சொன்னார். நீல மையான சியான் 100 சதவீதம், இளஞ்சிவப்பு மையான மெஜந்தாவை 60க்கு இறக்கினோம், கத்தரிக்காய் போய்விட்டது. கழுத்தைச் சுற்றி இருந்த பச்சையை மங்கலாக்கியதும் நீலம் கொஞ்சம் எழும்பியது, ஊடைநூல் சொன்ன செவ்ரல் கணக்குத்தான் என்று இப்போது தெரிகிறது. கோயில்காரர்களுக்கு ரொம்பப் பிடித்தது. அடுத்த வருஷமும் அதே ஃபைலைத் தேதி மட்டும் மாற்றி அடித்துக்கொண்டார்கள், எனக்குப் பணம் வரவில்லை.